கப்பலில் வந்த பேர்

புரோட்டாக் கடையில் பார்சல் சொல்லும்போது கல்லாவில் இருப்பவர் பேர் கேட்டால் எங்கள் தெரு நர்சம்மா மல்லிகா என்பார். தையல் கடையில் சாந்தி. மாவு மில்லில் தூக்குவாளியின் மேல் சாக்பீஸால் எழுத ஒரு பேர் வேண்டுமென்றால் செல்வி. ஒருமுறை ஜாக்கெட் வாங்கப் போனபோது அங்கே எந்தப் பேரைக் கொடுத்திருந்தோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. "சாந்தின்னு சொன்னேனா, சரோஜான்னு சொன்னேனா, தெரியலயே அண்ணாச்சி. பச்ச ஜாக்கெட்டு, கையில பைப்பிங் வச்சது. பாத்து எடுங்களேன்" என்றார். தையல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சொந்தப் பேர் மறந்துபோன பெண்பிள்ளையை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

மறந்துபோகக்கூடிய பேரும் அல்ல. மிரெல்லா. திருச்செந்தூரில் எங்கள் தெருவில், எனக்கு எதிர்வீடு. கணவர் வன்னியபெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். மிரெல்லா கிராம சுகாதார செவிலியர். ஊர்க்காரர்கள் வாயில் நர்சம்மா. சாத்தான்குளத்துக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கினால் கருவேல மரத்தைத் தவிர வேறு நிழல் இல்லாத ஒரு ஊரில் இப்போது வேலை. துணை சுகாதார நிலையத்தின் சுவரில் செவிலியரின் பேரும் தொலைபேசி எண்ணும் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. அங்கே எண் மட்டும் இருக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவரிடம், "நம்பர் போதும். பேர வச்சி என்ன செய்யப் போறாவ" என்று சொல்லிவிட்டார்.

கைக்கடிகாரத்தின் முகத்தை உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். மோதிரத்தைக் கழற்றித் தாலிக்கொடியில் கோத்திருப்பார். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கால்தான் அவர் கண்ணில் படும். பஸ்ஸில் எதிர்சீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்தால், செருப்பு வார் பதிந்து கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்து சிரிப்பார். வீடுகளுக்குப் போனால் எதுவும் குடிக்க மாட்டார். கௌரவம் பார்க்கிறார் என்று சிலர் நினைக்கிறார்கள். அவரிடம் கேட்டால் காரணம் எளிது: "காலையில நாலு வீட்டுல டீ குடிச்சா மத்தியானம் ஒண்ணுக்கு எங்கன போக? ஆம்பளைக்கு ஊரெல்லாம் வேலியிருக்கு."

பேர் வந்த கதையை நான் கேட்டது மொட்டைமாடியில் வடகம் காயப்போடும்போது. அவராகச் சொல்லவில்லை. கேட்டதற்கு, துணியில் மாவைக் கிள்ளி வைத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

அப்பா பாண்டித்துரைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கயிறு கட்டுகிற வேலை. கப்பல் கரையை நெருங்கும்போது மேலேயிருந்து ஒரு மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தொடை கனத்தில் பெரிய கயிறு வரும். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்து அதைக் கரையிலிருக்கும் இரும்புக் குத்தியில் மாட்ட வேண்டும். கப்பல் பக்கத்தில் வர வர அதன் பேர் பெரிதாகிக்கொண்டே வரும். பாண்டித்துரைக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கணக்கெழுதுகிறவரிடம் கேட்டுக்கொண்டு வந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போல, இன்னைக்கு இன்னார் வந்தா என்று மனைவியிடம் சொல்வாராம்.

அந்த மாதம் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். உப்பு ஏற்ற வந்த கப்பல் ஒன்று உள்ளே வர முடியாமல் வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தது. மனைவி இசக்கியம்மாள் அரசு ஆஸ்பத்திரியில் வலியோடு கிடந்தார். பிள்ளை இறங்குவதாயில்லை. வேலைநிறுத்தம் முடிந்து கப்பல் கரைக்கு வந்த காலையில்தான் பிள்ளையும் பிறந்தது. "ரெண்டும் ஒண்ணா கரை சேந்துச்சுன்னு எங்க அப்பாவுக்கு ஒரு நெனப்பு. கப்பல்ல எழுதியிருந்த பேர அப்படியே கொண்டாந்து வச்சிட்டாவ."

அர்த்தம் தெரிந்துகொள்ளவும் பாண்டித்துரை முயன்றிருக்கிறார். கப்பலிலிருந்து இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரரிடம் பேரைக் காட்டி, கையை ஆட்டி என்ன என்று கேட்டார். அவர் ஐந்து விரலையும் குவித்து உதட்டில் வைத்து முத்தமிட்டு விரித்துக் காட்டினார். சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று பாண்டித்துரை எடுத்துக்கொண்டார்.

"எம் பேருக்கு ருசின்னு அர்த்தம். சாவுற வரைக்கும் அப்பா அப்படித்தான் சொல்லிட்டிருந்தாவ. பொறவு எம் மவன் போன்ல தேடிப் பாத்துட்டு, அற்புதம்ன்னு அர்த்தம்மான்னான். அதுக்கு ருசியே தேவல."

இசக்கியம்மாளுக்குக் குலதெய்வத்தின் பேரை வைக்க ஆசை. அது நடக்காததால் மகளைக் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் மிரெல்லா, மிரளா ஆனாள். "மிரளா, மிரளாத" என்று பையன்கள் பின்னாலேயே வருவார்கள். புது டீச்சர் வந்தால் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்த இடத்தில் ஒரு தயக்கம் வரும். இவளே எழுந்து நின்றுவிடுவாள். பெரியவளான பிறகு, கிறிஸ்தவர்களா என்ற கேள்வி வந்தது. "வேதக்காரப் பேரா இருக்கே, நீங்க எப்ப வேதத்துல சேந்திய?" பெண் பார்க்க வந்த வீடுகளில் காப்பி ஆறுவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கப்பல் கதையைச் சொன்னால் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கப்பலுக்கும் இந்தப் பெண்ணின் தாய்க்கும் என்ன என்று ஒருவர் தரகரிடம் கேட்டேவிட்டார்.

கடைசியில் வன்னியபெருமாள் வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். பெண் நர்சுக்குப் படித்திருக்கிறது, அரசாங்க வேலை கிடைக்கும் என்ற கணக்கு. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பேர் மீராதேவி என்று அச்சாகி வந்தது. யாரும் இவரைக் கேட்கவில்லை. மாமனார் மட்டும் சமாதானமாக, "நாலு சொந்தக்காரன் கேட்டா பதில் சொல்லணும்லா, அதான்" என்றார். வன்னியபெருமாளுக்குப் பேரே தேவைப்படவில்லை. ஏளா என்று கூப்பிடுவார், இவர் திரும்பிப் பார்ப்பார். குறை சொல்கிற மனிதர் அல்ல. மனைவி டியூட்டிக்குப் போகும்போது கடையிலிருந்து ஒரு பொட்டலம் பொரிகடலை பையில் போட்டுவிடுவார்.

குலசேகரன்பட்டினத்துக்கும் உடன்குடிக்கும் நடுவில் கொம்பன்விளை என்று ஒரு ஊர். ஒரு பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல் மேடு, மறுபக்கம் தோப்பும் வயலும். பத்து வருஷத்துக்கு மேல் மிரெல்லா அங்கேதான் வேலை பார்த்தார். வீடு வீடாகப் போனார், கர்ப்பத்தைப் பதிந்தார், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், அதைக் கோழிக்குப் போட்டவர்களைத் திட்டினார். அவருக்கென்று ஒரு பேர் இருக்கிறது என்று அந்த ஊரில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் அந்த டிசம்பர் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் சந்துகளில் இடுப்பளவு தண்ணீர் ஓடிய அதே மழை. மேலே குளங்கள் உடைந்து, கொம்பன்விளைக்கு வரும் இரண்டு சாலைகளும் போயின. கரண்டு இல்லை, போன் இல்லை. ஊர் முழுவதும் தேரிமேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியது. வெள்ளத்துக்கு முந்திய நாள் தடுப்பூசி போட வந்த மிரெல்லாவும் அவர்களோடு மாட்டிக்கொண்டார்.

ஆறுமுகத்தாய் என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். தேதி இன்னும் இருந்தது. பள்ளிக்கூடத்துப் படியேறும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, நாலு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். விடிந்து ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்த நேரத்தில் குழந்தை வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நீலம் பாரித்துக் கிடந்தது, அழவில்லை. மாமியார்க்காரி நெஞ்சிலடித்துக்கொண்டு, "போச்சா, பொட்டப்பிள்ளை போச்சா" என்று ஆரம்பித்தார்.

"வாய மூடுங்க. எனக்குக் காது கேக்கணும்" என்றார் மிரெல்லா.

கொடியை எடுத்துவிட்டு, மூக்கையும் வாயையும் துடைத்து, முதுகைத் தேய்த்து, பிள்ளையின் முகத்தின் மேல் வாயை வைத்துச் சின்னச் சின்னதாய் ஊதினார். மறைப்புப் பிடித்திருந்தவர்கள் கை தளர்ந்து சேலை இறங்கிவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளை முதலில் தும்மியது. பிறகுதான் அழுதது.

கொஞ்ச நேரம் கழித்து ஆறுமுகத்தாய் கேட்டாள். "நர்சம்மா, உங்க பேரு என்ன?"

மிரெல்லா சொன்னார். அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "இதயே பிள்ளைக்கு வச்சிருதேன்."

"வேண்டாம்ளா. இந்தப் பேர வச்சிட்டு நான் பட்டது போதும்."

"அது நீங்க பட்டது. இவ படமாட்டா."

தண்ணீர் வடிந்து படகில் ஆட்கள் வந்தபோது கூடவே ஒரு தொலைக்காட்சிக்காரரும் வந்தார். பெஞ்சில் பிள்ளையோடு தாய், பக்கத்தில் சேறு காய்ந்த சேலையோடு நர்ஸ். பிள்ளைக்கும் நர்ஸுக்கும் ஒரே பேர். அது போதுமானதாக இருந்தது. அடுத்த வாரமே தூத்துக்குடிப் பக்கம் எல்லாருடைய போனிலும் அந்தப் படம் ஓடியது.

பிறகு நடந்ததை நானே பார்த்தேன். தை மாதம் தொடங்கி இந்தக் கரையில் பிறந்த பெண் குழந்தைகளில் மிரெல்லாக்கள் வரத் தொடங்கினார்கள். எண்கணிதம் பார்த்து மிரெல்லாஸ்ரீ என்று நீட்டிக்கொண்டவர்கள் உண்டு. காயல்பட்டினத்தில் ஒரு மிரெல்லா பாத்திமா. மணப்பாட்டுப் பக்கம் பிளாரன்ஸ் என்பவரின் வீட்டில் மிரெல்லா ரோஸ். உடன்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு குழந்தையின் படத்தைக் கிரீடத்தோடு பெரிதாகப் போட்டு, இளவரசி மிரெல்லாவின் பெயர்சூட்டு விழாவுக்கு வாருங்கள் என்று பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். ஒரு ஜவுளிக்கடை புதிதாக வந்த சுடிதார் ரகத்துக்கு அந்தப் பேரை வைத்தது. வேதக்காரப் பேரா என்று எவரும் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் மீராதேவி போட்ட அதே மாமனார், கடைக்கு வருகிறவர்களிடம், "மிரெல்லா நம்ம மருமவதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பேர் வைக்கிற வீடுகளுக்கெல்லாம் இவரை அழைத்தார்கள். போகும்போது ஒரு பேபி சோப்பும் கொசுவலையும் வாங்கிக்கொண்டு போவார். பிள்ளையின் காதில் மூன்று முறை பேரைச் சொல்லும்படி இவரிடமே கேட்பார்கள். "எம் பேர நானே இன்னொருத்தி காதுல சொல்லுதேன்" என்றார். அந்த நாட்களில் அவர் நடை மாறியிருந்தது. தெருவில் யாராவது மிரெல்லாக்கா என்று கூப்பிட்டால் கூப்பிட்டவர் பக்கம் முழுதாகத் திரும்பி நிற்பார். சீருடையில் பேர் வில்லையைக் குத்தியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அதற்கு முன் அது அலமாரியில் கிடந்ததாம்.

வெள்ளம் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். கொம்பன்விளையில் லிங்கராஜ் என்பவர் ஹார்டுவேர் கடைக்காரர், வசதியான வீடு. அவர் மனைவி உமாராணிக்கு எட்டு மாதம் தாண்டியிருந்தது. கால் வீங்கியிருந்தது, முகம் உப்பியிருந்தது, ரத்தக்கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று மிரெல்லா போகும்போதெல்லாம் சொன்னார். அவர்களோ தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாள் குறித்து வைத்திருந்தார்கள். ஜோசியர் கொடுத்த நேரத்தில் அறுவை. "இன்னும் ஒம்பது நாளுதான் நர்சம்மா. அதுவரைக்கும் உப்பக் கொறச்சிக்கிடட்டும்" என்றார் லிங்கராஜின் தாய்.

ஒரு மத்தியானம் உமாராணிக்கு வலிப்பு வந்தது. ஓடிவந்து மிரெல்லாவைக் கூப்பிட்டார்கள். அவர் போய், வலிப்பு நிற்க என்ன ஊசி போட வேண்டுமோ அதைப் போட்டார். நூற்றெட்டு வண்டியில் ஏற்றி, நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவர் ஏறவில்லை. துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்குத் தாய்மார் பிள்ளைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். பெட்டியில் திறந்துவிட்ட ஊசி மருந்தைச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வண்டி போன பிறகு திரும்பிவந்து ஊசி போட்டார்.

வண்டிக்குள் லிங்கராஜ் மனம் மாறினார். ஏற்கெனவே பேசி வைத்த தனியார் ஆஸ்பத்திரிக்கே விடச் சொன்னார். அங்கே அந்த நேரத்தில் டாக்டர் இல்லை. வருவார் வருவார் என்று சாயங்காலம்வரை வைத்திருந்தார்கள். டாக்டர் வந்து வயிற்றைக் கிழித்து ஆண் குழந்தையை எடுத்தார். உமாராணி பிழைக்கவில்லை.

ஊரில் யாரோ போட்ட ஊசியால் வந்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த வீட்டுக்கு அது ஒரு பிடிமானமாக இருந்தது. மறுநாள் துணை சுகாதார நிலையத்தின் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். மிரெல்லாவைப் பின்கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனது அந்த ஊர் ரேஷன் கடைக்காரர். கண்ணாடி உடைபடுவதை ஒருவர் போனில் படம் பிடித்தார். அதில் கூட்டம் அவர் பேரைச் சொல்லித்தான் கத்துகிறது. வெள்ளத்தின் படம் ஓடிய அதே போன்களில் இதுவும் ஓடியது.

"பேரு தெரியாத நர்சா இருந்திருந்தா, ஒரு நர்சு தப்பா ஊசி போட்டுட்டான்னு சொல்லியிருப்பாவ. நாலு நாள்ல மறந்திருப்பாவ. எம் பேருதான் ஊருக்கே தெரியுமே. அதச் சொல்லிச் சொல்லித் திட்டுதுக்கு வசதியாப் போச்சு" என்றார்.

வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரித்தார்கள். ஊசியில் தவறில்லை, போடாமலிருந்தால்தான் தவறு என்று முடிவாகி உத்தரவு வர மாதக்கணக்கானது. அதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டவில்லை. அதற்குள் கரையில் வேறொன்று நடந்து முடிந்திருந்தது.

முதலில் பேரை மாற்றியது மிரெல்லாஸ்ரீயின் வீட்டார். எண்கணிதக்காரர் இது தண்ணீரில் வந்த பேர், தங்காது என்று சொன்னாராம். வைக்கும்போது நல்ல கூட்டுத்தொகை என்று சொன்னவரும் அவர்தான். பிறகு ஒவ்வொரு வீடாக. பிள்ளைக்குச் சளி பிடித்தால் பேர், கணவனுக்கு வேலை போனால் பேர். காயல்பட்டினத்துப் பிள்ளை வெறும் பாத்திமா ஆனது. ஜவுளிக்கடை சுடிதாருக்கு வேறு பேர் வைத்தது. மணப்பாட்டு பிளாரன்ஸ் மட்டும் மாற்றவில்லை. அதைக் கேள்விப்பட்டு இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கோயில் திருவிழாவில் பிளாரன்ஸைப் பார்த்தபோது அதையும் அவர் மிச்சம் வைக்கவில்லை. "நான் மாத்தத்தான் கேட்டேன் சிஸ்டர். ஞானஸ்நானம் குடுத்த பேர மாத்தப்படாதுன்னு சாமியார் சொல்லிட்டாரு. நாங்க இப்ப ரோஸ்ன்னுதான் கூப்பிடுதோம். நீங்க தப்பா எடுத்துக்கப்படாது." நேராகச் சொல்லிவிட்டதில் பிளாரன்ஸுக்கு நிம்மதி போலிருந்தது.

வீட்டில் வன்னியபெருமாள் கடைக்கு வருகிறவர்கள் குறைந்ததைப் பேச்சில் எடுக்கவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, திட்டும் குரலில் அல்ல, யோசிக்கும் குரலில் சொன்னார்: "மீரான்னே இருந்திருக்கலாம்லா."

மிரெல்லா எனக்கு இதைச் சொல்லும்போது, "அவிய நல்லதுக்குத்தான் சொன்னாவ" என்றார். துணியில் வைத்த வடகங்களில் ஒன்றின் மேலேயே இன்னொன்றைக் கிள்ளி வைத்துவிட்டு, பிரிக்கப் பார்த்து, இரண்டையும் சிதைத்தார். அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். "ஊசில தப்பில்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உத்தரவு வந்துதான் தெரியணும்ன்னு இல்ல. ஆனா நானும் வண்டில ஏறியிருக்கணும். ஏறியிருந்தா அவன வேற எடத்துக்குத் திருப்ப விட்டிருக்க மாட்டேன். தடுப்பூசி மறுநாள் போட்டா பிள்ளைக என்ன செத்தா போயிருக்கும்." இதை எவரும் அவர்மேல் குற்றமாக எழுதவில்லை. அவர்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்.

மறுபடி வேலை கொடுத்தபோது கொம்பன்விளை வேண்டாம் என்று அவரும் கேட்கவில்லை, அங்கே போகச் சொல்லி அவர்களும் சொல்லவில்லை. மேற்கே போட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் இவரைச் சிஸ்டர் என்கிறார்கள். சம்பளச் சீட்டைத் தவிர அந்தப் பேர் இப்போது வேறெங்கும் புழங்குவதாகத் தெரியவில்லை.

போன மாதம் உடன்குடி சந்தைக்கு இருவரும் போயிருந்தோம். கருப்பட்டி வாங்க வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் வருவதை அவர் தவிர்ப்பார் என்பதை யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டேன். மறுப்பதற்குக் காரணம் சொல்லக் கூச்சப்பட்டு வந்துவிட்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெங்காயக் கடை ஓரமாக நின்றார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது. "யாளினி, இங்கன வா. யாளினி."

ஒரு பிள்ளை, மூன்று வயதுகூட ஆகியிருக்காது, தக்காளிக் கூடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. கூப்பிட்டது தன்னையென்று அதற்குத் தெரியவில்லை. தாய் இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்புறம் பொறுமை போய், "ஏளா மிரெல்லா" என்றாள்.

பிள்ளை திரும்பியது. இவரும் திரும்பினார்.

கூப்பிட்டது ஆறுமுகத்தாய். ஒரு கையில் பை, இன்னொரு கையில் வாழைத்தார் காம்பு. என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கீழே வைத்தாள். "நல்லாயிருக்கியளா நர்சம்மா" என்றாள். இவர் தலையசைத்தார். ஆறுமுகத்தாயின் காலைப் பார்த்துவிட்டு, "அடுத்தது எத்தன மாசம்?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் அவள் வயிறு தெரிந்தது.

"அஞ்சு" என்றாள். உடனே, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள். "வீட்டுல மாமி கேக்கல நர்சம்மா. எனக்கு இஷ்டமே இல்ல. எல்லாரும் மாத்துதாவ, நாம மட்டும் வச்சிருந்தா பிள்ளைக்கு ஏதும் ஆயிரும்ன்னு சொல்லிட்டே இருந்தாவ. நான் என்ன செய்ய?"

"சரி விடு."

"ஆனா வாயில பழசுதான் வருது. அதுவும் பழசுக்குத்தான் திரும்புது."

பிள்ளை இதற்குள் பக்கத்தில் வந்து இவருடைய கைக்கடிகாரத்தைப் பிடித்து, உள்பக்கமிருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிரெல்லா கூட்டத்துக்கு நடுவிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உம் பேரு என்ன?"

"மிரெல்லா" என்றது பிள்ளை. தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல்.

ஆறுமுகத்தாய் குனிந்து, "இல்லல்ல, யாளினின்னு சொல்லணும்" என்று பிள்ளையின் தோளைப் பிடித்தாள். மிரெல்லா அவள் கையை விலக்கினார்.

"யாளினி இல்ல. யாழினி" என்றார் பிள்ளையிடம். "எங்க, சொல்லு."

"யாளினி."

"யாழினி."

பிள்ளை அவர் வாயையே பார்த்தது. மிரெல்லா அதன் மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, தன் வாயை அகலத் திறந்து, நாக்கை மடக்கி மேலே எப்படி வைக்க வேண்டும் என்று காட்டினார்.